எச்.ஐ.வி.: "ஆம், இல்லை" என்பதிலிருந்து "எவ்வளவு" என்பது வரை



நம் பழைய மாணவர் குழுவில் ஒரு மாணவி கேட்டிருந்தாள்: "சார், எச்.ஐ.வி. இருக்கிறவங்க சிலர் மாத்திரையே சாப்பிடாம பல வருஷம் நல்லா இருக்காங்களே, அப்புறம் மாத்திரை எதுக்கு?" நல்ல கேள்வி. பதில் சொல்ல நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனிடம் நுண்ணுயிரியல் முதுநிலை படித்துக்கொண்டிருந்தார் செல்லப்பன் நிர்மலா. ஆய்வுக்காக, மயிலாப்பூரில் அரசுக் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். சென்னையில் அப்போது சோதனை வசதி இல்லை. மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, பிப்ரவரியில் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்றுதான் தெரிந்தது. மே மாதம் அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்.

அந்தச் சோதனை "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டும் சொன்னது. உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை அது காட்டும். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லாது. பயம் மட்டும் வேகமாகப் பரவியது. நம் டவுன்ஷிப்பில் சலூனுக்குச் சொந்த பிளேடு கொண்டுபோனவர்கள் உண்டு.

வைரஸை எண்ணும் சோதனை தொண்ணூறுகளில் வந்தது. அப்போதுதான் உண்மை விளங்கியது. சிகிச்சை இல்லாதவருக்கு, தொற்றிய முதல் சில வாரங்களில் ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் வைரஸ் பத்து லட்சத்தையும் தாண்டலாம். வருவதோ சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். பிறகு உடல் போராடி அதைக் குறைக்கும். சிலருக்குச் சில ஆயிரம், சிலருக்கு லட்சம் என்று ஓர் அளவில் நிற்கும். பல வருடம் ஆள் ஆரோக்கியமாகத் தெரிவார். ஆனால் உள்ளே தினமும் கோடிக்கணக்கில் புது வைரஸ் உருவாகிறது, சி.டி.4 அணுக்கள் அழிகின்றன என்று 1995இல் டேவிட் ஹோ போன்றோர் காட்டினர். அளவு அதிகமானால் நோயும் சீக்கிரம் முற்றும், பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் கூடும். மருந்தின்றியே வைரஸை அடக்கும் உடல் நூற்றில் ஒருவருக்குக்கூட இருப்பதில்லை.

1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. விலையோ வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம், தொண்டு அமைப்புகளுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. 2017 முதல், தொற்று உறுதியானவுடனே எல்லோருக்கும் மருந்து.

ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் சோதனையில் தெரியாத அளவுக்குக் குறையும். அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி ஏறிவிடும்.

ஆகவே பிள்ளைகளே, மாத்திரை சாப்பிடுகிறவரைக் கண்டு ஒதுங்குவதில் அர்த்தமே இல்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று சோதனைக்கே போகாதவரின் உடம்பில்தான் வைரஸ் பெருகுகிறது. அவரைப் போகவிடாமல் தடுப்பது நம் பேச்சு. கல்யாண வீட்டிலும் குடும்பக் குழுவிலும் இதைப் பற்றிப் பேச்சு வந்தால், கேலியை நிறுத்திவிட்டு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். உதவி எண் 1097.

அன்புடன்,
உங்கள் பழைய விலங்கியல் ஆசிரியர், நெய்வேலி