மண்ணைப் படிக்கக் கற்றவர்கள்

புதுச்சேரிக்குத் தெற்கே சிறிது தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் ஒரு மேடு இருக்கிறது. அதுதான் அரிக்கமேடு. சரித்திரக் கதை எழுதும் ஒருவன் அந்த மரநிழலில் போய் நின்றால் அவன் மனம் என்ன பாடுபடும் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யவனக் கப்பல்கள் கண்ணெதிரே மிதக்க, முதல் அத்தியாயத்தையே நான் அங்கு நின்றபடி மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது காலில் ஏதோ இடறியது. குனிந்து எடுத்தேன். ஒரு பானை ஓடு! அதைப் பைக்குள் போடப் போனேன்.

"இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், சார்" என்றார் உடன் வந்த நண்பர். அவர் கல்லூரியில் சரித்திர ஆசிரியர். இளமையில் அகழாய்வுக் குழிகளில் வெயில் காய்ந்தவர்.

"மேலே கிடக்கும் ஓடுதானே?"

"மேலே கிடப்பதுதான் கீழே என்ன இருக்கிறது என்பதற்கு முதல் அடையாளம். உங்கள் அலமாரியில் போய் உட்கார்ந்துவிட்டால் அது யாருக்கு என்ன சொல்லும்?"

நண்பர் சொன்ன இந்தப் பாடத்துக்கும் அந்த மண்ணுக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

1944-ம் வருஷம் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் டைரக்டர் ஜெனரலாக மார்ட்டிமர் வீலர் வந்து சேர்ந்தார். எல் அலமெயின் யுத்தகளத்தைக் கண்ட படை அதிகாரி அவர். வந்த வருஷமே தட்சசீலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தி, மாணவர்களுக்கு மண் தோண்டக் கற்றுக்கொடுத்தார். மண் தோண்டவும் ஒரு பள்ளிக்கூடமா என்று தோன்றுகிறதல்லவா?

உங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறடி ஆழத்துக்கு ஒரு குப்பைக்குழி வெட்டி, அதில் ஒரு சோடா பாட்டிலை எறிந்து மூடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே ஆறடி ஆழத்தில், பக்கத்திலேயே, சோழர் காலத்துப் பானை ஒன்றும் கிடக்கிறது. பின்னால் தோண்டுகிறவர் ஆழத்தை மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே காலத்தவை என்று எழுதிவிடுவார். என்னைப் போன்ற கதாசிரியர் அதை நம்பி, சோழ மன்னர் சோடா குடித்ததாக ஓர் அத்தியாயமே எழுதிவிடுவார்!

மண்ணடுக்கைப் பார்க்கத் தெரிந்தவர் அப்படி ஏமாற மாட்டார். குழி வெட்டிய இடத்தில் மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறியிருக்கும். அந்த மெல்லிய கோட்டைக் காணக் கண்ணைப் பழக்குவதுதான் பயிற்சியின் கடினமான பகுதி. நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, நடுவே வயல் வரப்பைப் போல மண்சுவரை வெட்டாமல் விடவேண்டும். கரணையால் சுவரைச் செதுக்கி, அடுக்குகளுக்கு எண் கொடுத்து, அளவு பிசகாமல் வரைய வேண்டும். கிடைத்த ஒவ்வோர் ஓடும் எந்தச் சதுரத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறிக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டின் பலன் 1945-ல் அரிக்கமேட்டில் தெரிந்தது. சென்னை மியூசியத்தின் அலமாரி ஒன்றில் கண்ட யவனச் சாடித் துண்டுதான் வீலரைப் புதுச்சேரிக்கு இழுத்துவந்தது. அங்கே ஏற்கெனவே கிடைத்திருந்த பொருள்களுக்குள் இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்தில் செய்த சிவந்த மட்பாண்டத் துண்டுகளும் இருந்தன. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அந்தப் பாண்டத்தின் காலம் முடிந்துவிட்டது என்பது தெரிந்த விஷயம். ஆகவே, அதனோடு ஒரே அடுக்கில் கிடக்கும் உள்ளூர்ப் பானைக்கும் வயது சொல்லிவிடலாம். தென்னாட்டின் எழுதப்படாத காலத்துக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது! அதைக் கொண்டுதான் 1947-ல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில் பெருங்கற்காலச் சின்னங்களுக்கு அவர் வயது கணித்தார்.

ஆனால் வீலரும் தவறக்கூடியவர்தாமே? அரிக்கமேட்டின் வாணிபக் குடியிருப்பு கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில்தான் தோன்றியது என்று அவர் எண்ணினார். 1983-ல் விமலா பெக்லி என்ற ஆராய்ச்சியாளர் அந்தக் கணக்கை மறுபரிசீலனை செய்தார். 1989 முதல் 1992 வரை அங்கே நடந்த அகழாய்வும் அந்த ஊர் அதைவிடப் பழமையானது என்று காட்டியது. வீலர் தம் குழிகளையும் அடுக்குகளையும் வரைந்து 1946-லேயே அச்சிட்டிருந்தார். அதனால்தான் அவர் முடிவை அவர் குறிப்புகளைக் கொண்டே சோதிக்க முடிந்தது. தம்மைத் திருத்துவதற்கு வேண்டிய ஆதாரத்தையும் அவரே விட்டுச் சென்றார்.

அகழாய்வு என்பது ஓலைச்சுவடியைப் படித்தபடியே ஒவ்வோர் ஏடாக அடுப்பில் போடுவதற்கு ஒப்பாகும். ஒருமுறை வெட்டிய மண்ணை மறுபடி வெட்ட முடியாது. படித்தவர் எழுதிவைத்தால்தான் உண்டு. கதை எழுதுகிற எனக்கு இல்லாததைச் சேர்க்க உரிமை இருக்கிறது. அந்தக் குழிக்குள் இறங்குகிறவருக்கு, உள்ளதில் ஒன்றையும் தவறவிட உரிமையில்லை.

ஓட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன். சரியாக அதே இடம்தானா என்று நண்பர் கேட்டார். எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.