மல்லாட்டைக்கும் மெக்சிகோவுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் முழுக்க "மல்லாட்டை" என்ற சொல்லை நான் வாயிலிருந்து வரவிடவே இல்லை.

செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மானாவாரியில் மல்லாட்டை போடுவோம். லீவு விட்டால் ஆயாவோடு களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்வதுதான் வேலை. ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரம், "வீட்ல இருந்து அவிச்ச மல்லாட்டை கொண்டாந்திருக்கேன், எடுத்துக்கங்க" என்றேன். மதுரைக்காரத் தோழி ஒருத்தி, "மல்லாட்டையா? என்னடி இது, கெட்ட வார்த்தை மாதிரி இருக்கு?" என்றாள். அறையே சிரித்தது. அன்றிலிருந்து நானும் நாகரிகமாக "வேர்க்கடலை" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் அதே கூட்டத்தை அழைத்துக்கொண்டு செஞ்சிக் கோட்டைக்குப் போனேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அதனால் ஊர்க்காரி என்ற கெத்தோடு வழிகாட்டி வேலையும் நானே பார்த்தேன். ராஜகிரி ஏறி இறங்குவதற்குள் எல்லோருக்கும் நாக்கு தள்ளிவிட்டது. தேசிங்கு ராஜன் கதை உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது கோட்டை வாசலில் தின்ற தீனியைப் பற்றி.

ஒரு ஆயா கூடையில் அவித்த மல்லாட்டை வைத்திருந்தார். பக்கத்து வண்டியில் கரி நெருப்பில் சுட்ட மக்காச்சோளம், மேலே எலுமிச்சம்பழத்தால் தேய்த்த உப்பும் மிளகாய்த்தூளும். நாலாக வகிர்ந்த கொய்யா, பல் பல்லாக நறுக்கிய மாங்காய், இரண்டுக்கும் அதே மிளகாய்த்தூள். அப்புறம் கண்ணாடி பாட்டிலில் கடலைமிட்டாய். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கித் தின்றோம். "என்ன இருந்தாலும் நம்ம பாரம்பரியத் தீனி மாதிரி வருமா? பீட்சாவும் பர்கரும் எதுக்கு?" என்றாள் மதுரைக்காரி. எல்லோரும் தலையாட்டினோம்.

மல்லாட்டை கட்டியிருந்த பொட்டலம் பழைய செய்தித்தாள். அவள்தான் அதைப் பிரித்துப் படித்தாள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மணிலா வரத்து, மூட்டைக்கு இன்ன விலை என்று போட்டிருந்தது. "மணிலான்னா பிலிப்பைன்ஸ் தலைநகரம்தானே? செஞ்சியில என்ன பண்ணுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "எங்க பக்கம் மல்லாட்டைக்கு அப்படியும் ஒரு பேரு" என்று மட்டும் சொன்னேன். ஹாஸ்டல் திரும்பி இரண்டு வாரம் நூலகத்தில் தேடினேன். காமர்ஸ் படிக்கும் எனக்கு அங்கே கிடைத்தது ஒரு பெரிய வியாபாரக் கதை.

மணிலாக்கொட்டை என்பதுதான் பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆகியிருக்கிறது. அந்த மணிலா, பிலிப்பைன்ஸ் மணிலாவேதான். 1565 முதல் 1815 வரை 250 வருடம், ஸ்பானியர்களின் கப்பல்கள் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் மணிலாவுக்கும் இடையே பசிபிக்கைக் கடந்து போய் வந்துகொண்டிருந்தன. வரும்போது வெள்ளிக்காசு, போகும்போது சீனப் பட்டும் பீங்கானும் துணிகளும். அந்தத் துணிகளில் நம் சோழமண்டலக் கரைத் துணியும் உண்டு. சென்னையிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் மணிலாவுக்குக் கப்பல் போனது, திரும்பும்போது மெக்சிகோ வெள்ளி வந்தது. அந்தப் பரங்கிப்பேட்டை ஒரு காலத்தில் செஞ்சி நாயக்கர்களின் ஆட்சியில் இருந்த ஊர்!

(மனிதர்களையும் ஏற்றினார்கள். கடற்கொள்ளையர்கள் பிடித்துப்போன ஒரு இந்தியச் சிறுமியைக் கொச்சி, மணிலா வழியாக அடிமையாக மெக்சிகோவுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். கத்தரீனா தே சான் ஹுவான் என்ற பெயரில் புவேப்லா நகரத்தில் வாழ்ந்து 1688இல் இறந்தார். வியாபாரக் கதை என்று சந்தோஷமாகப் படித்துக்கொண்டிருந்தவள் அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.)

நிலக்கடலையின் பிறப்பிடம் தென் அமெரிக்கா, இன்றைய பொலிவியா பக்கம். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அது மெக்சிகோவுக்குப் போய்விட்டது. அங்கே நாவாட்டில் மொழிக்காரர்கள் அதற்கு வைத்த பெயருக்கு "நிலத்துக் கொக்கோ" என்று அர்த்தம். நாம் நிலத்துக் கடலை என்கிறோம். ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள் :-)

மற்றவற்றையும் பார்த்துவிடலாம். மக்காச்சோளம் சுமார் 9000 வருடத்துக்கு முன் மெக்சிகோவில் ஒரு காட்டுப்புல்லிலிருந்து மனிதர்கள் உருவாக்கியது. நாம் சாப்பிடும் மிளகாயும் அங்கே பயிராக்கியதுதான். கொய்யா, சப்போட்டா எல்லாம் அந்தப் பக்கத்துப் பழங்கள். சப்போட்டா என்ற பெயரே நாவாட்டில் மொழியின் "ட்சப்போட்டில்"தான், வாயில் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது, அவ்வளவே. புதிதாக வந்ததற்கெல்லாம் நம்மவர்கள் பழைய சொந்தக்காரர் பெயரை வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். மிளகு மாதிரி காரமா, மிளகாய். சோளம் மாதிரி இருக்கிறதா, மக்காச்சோளம்.

அப்படியானால் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராஜகிரியில் கோட்டை கட்டியதாகச் சொல்லப்படும் ஆனந்தக் கோன், இந்த வாசலில் விற்பதில் மாங்காயைத் தவிர எதையும் ருசித்திருக்க முடியாது. காரத்துக்கு அவருக்கு மிளகுதான். நாயக்கர் காலத்தில் 1597இல் செஞ்சிக்கு வந்த ஒரு ஏசுசபைப் பாதிரியார், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இவ்வளவு பெரிய ஊர் இல்லை என்று எழுதிவைத்தார். அவர் பெயர் பிமென்டா. போர்த்துக்கீசியத்தில் அதற்கு மிளகு என்று அர்த்தம். மிளகாயை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் போர்த்துக்கீசியர்களே!

மெக்சிகோவுக்கு நான் போனதில்லை. ஆனால் அங்கே தெருவில் விற்பதைப் படித்தபோது கோட்டை வாசல்தான் ஞாபகம் வந்தது. "எலோத்தே" என்ற சோளக்கதிர், எலுமிச்சை, மிளகாய்த்தூளோடு (அவர்கள் சீஸும் தடவுவார்கள்). பழத்துண்டுகளின் மேல் மிளகாய்த்தூள். "பலன்கேத்தா" என்பது அச்சு அசல் நம் கடலைமிட்டாய். கீரைவிதையைப் பொரித்துப் பாகில் பிடித்தால் "அலெக்ரியா", நம் பொரி உருண்டையின் தங்கச்சி.

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. பலன்கேத்தாவில் கடலை அந்தப் பக்கத்தது, பாகு நம் பக்கத்தது. கரும்புச்சாற்றைக் காய்ச்சி வெல்லமும் சர்க்கரையும் எடுக்கும் வித்தை இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஸ்பெயினுக்குப் போனது. 1493இல் கொலம்பஸ் கரும்பைக் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோனார், பிறகு அது மெக்சிகோ போய்ச் சேர்ந்தது. மிளகாய் தூவிய புளி மிட்டாய் அங்கே ரொம்பப் பிரசித்தம். அந்தப் புளிக்கு அவர்கள் சொல்லும் "தமரிந்தோ" என்ற பெயர், "இந்தியப் பேரீச்சை" என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. "மாங்கோ"வோ நம் மாங்காயிலிருந்து போன சொல். அங்கே பேர்போன ஒரு மாம்பழ வகை உண்டு. பிலிப்பைன்ஸ் வழியாக வந்ததால் அதன் பெயர் "மணிலா".

படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன், நூலகர் முறைத்தார். எங்களுக்குக் கடலை மணிலா, அவர்களுக்கு மாம்பழம் மணிலா!

19ஆம் நூற்றாண்டில் பழைய தென்னார்க்காட்டில் மணிலா சாகுபடி பரவியது. பாண்டிச்சேரியிலிருந்து கப்பல் கப்பலாகப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கு ஏற்றுமதியானது, அங்கே எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஆட்டினார்கள். எங்கள் நிலமும் அந்தத் தென்னார்க்காட்டில்தான் இருக்கிறது. எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா விளைவித்த மூட்டை ஒன்றாவது அந்தக் கப்பலில் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை.

ஹாஸ்டல் அறையில் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மதுரைக்காரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ பீட்சாவைத் திட்டுனது தப்பா?" என்றாள். தக்காளி, மிளகாய் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், கையெடுத்துக் கும்பிட்டாள். வெள்ளிக்கிழமை நான் ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை வந்து, "வரும்போது மல்லாட்டை கொண்டு வாடி" என்றாள்.

கொங்குப் பக்கம் கடலைக்காய் என்கிறார்கள், தெற்கே நிலக்கடலை. உங்கள் ஊரில் என்ன பெயர்? சொல்லுங்கள், குறித்து வைத்துக்கொள்கிறேன்.