மதுரைத் திட்டமும் கடலை உடைத்த கணக்கும்



இணையத்தில் திருக்குறளும் சிலப்பதிகாரமும் இலவசமாகக் கிடைக்க ஏதோ ஒரு பெரிய கம்பெனிதான் காரணம் என்று நம் குடும்பக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். டீச்சரால் சும்மா இருக்க முடியுமா? நடந்ததைச் சொல்கிறேன்.

1990களில் கணினியில் தமிழ் இருந்தது. ஆனால் ஆளுக்கொரு தமிழ். ஓர் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான். காரணம் இட நெருக்கடி. அன்றைய கணினியில் எழுத்துகளுக்கு இருந்தவை 256 இடங்கள். முதல் பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. மிச்சம் 128க்குள் நம் 247 எழுத்தும் உட்கார வேண்டும். கொம்பு, கால், விசிறி என்று பிரித்து வைத்துச் சமாளித்தார்கள். எதை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு முறை.

இதைப் பேச 1997 மே மாதம் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ மாநாடு கூடியது. முன்னின்றவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர்களுக்குப் பாடம் சொன்னவர். நம் இனம்! 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு நடந்தது. இன்று பலரும் தட்டுகிற ‘தமிழ்99’ விசைப்பலகை அதன் பயன்.

இரண்டு மாநாடுகளுக்கும் நடுவே, 1998 பொங்கலன்று, மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமை ஏற்றார். ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தவரும் அவரே. அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன் துணை நின்றார். சம்பளம் யாருக்கும் கிடையாது.

வேலை நடந்த விதம் நம் பக்கத்துப் பெண்களுக்குச் சட்டென்று புரியும். கடலை வியாபாரி வீட்டுக்கு ஒரு மூட்டை அளந்து போட்டுவிட்டுப் போவார். அவரவர் ராத்திரியில் உட்கார்ந்து உடைப்போம். திரும்ப வரும்போது சொத்தை, தோல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பருப்பை வாங்குவார். இங்கும் அப்படியே. ஒருவர் நூலைத் தட்டச்சு செய்வார், இன்னொருவர் பிழை பார்ப்பார். பிற்காலத்தில் பக்கங்களைப் படமெடுத்துப் பல ஊர்க்காரர்களுக்குச் சில சில பக்கங்களாகப் பங்கிட்டும் கொடுத்தார்கள். ளகரம் ழகரமாகிவிட்டால் பாட்டின் பொருளே போய்விடும். அதனால் தட்டச்சைவிடப் பிழைதிருத்தமே பெரிய வேலை என்பேன்.

அடுத்த ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகம் ‘செட்டி அட் ஹோம்’ தொடங்கியது. வானொலித் தொலைநோக்கி பிடித்த சமிக்ஞைகளைத் துண்டு துண்டாக்கி, லட்சக்கணக்கான வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினார்கள். வேற்றுக்கிரக வாசிகளைத் தேடும் வேலை. அங்கே சொந்தக்காரர் தூங்கும்போது கணினி வேலை செய்தது. நம்மவர்கள் திட்டத்தில் சொந்தக்காரரே தூக்கம் விழிக்க வேண்டியிருந்தது.

பின்னாளில் யூனிகோடு பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. 2010 கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் அதை ஏற்றது. பழைய எழுத்துருவில் இருந்த நூல்களை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கவில்லை. மாற்றித் தரும் மென்பொருள்கள் இருந்தன. நூல்களின் முகப்பில் தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர் பெயர்கள் இருக்கும். திறந்தால் ஒரு நிமிடம் அதையும் படியுங்கள்.

ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு தாண்டிய நூலுக்கு நம் நாட்டில் பொதுவாகக் காப்புரிமை இல்லை. சேலம், நாமக்கல் வீடுகளில் பரண்மேல் அப்படி ஏதாவது இருந்தால், கறையான் முந்துவதற்குள் எனக்கு ஒரு போன் போடுங்கள்.