ஊசியிலிருந்து சொட்டு மருந்துக்கு: திண்டுக்கல் வட்டாரக் கண்புரை அறுவையில் நோயாளியின் பங்கு

கண்புரை அறுவையின் வரலாற்றை வலி படிப்படியாகக் குறைந்த கதையாக எழுதுவதே வழக்கம். அது பாதி உண்மைதான். அறுவை மேசையில் கண்ணை அசையாமல் வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது என்று கேட்டுப் பார்த்தால் அதே வரலாறு வேறு மாதிரி தெரிகிறது. 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல் சமவெளி, கண் சிகிச்சைக்கு நெடுங்காலம் அறுபது கி.மீ. தொலைவிலுள்ள மதுரையையே நம்பியிருந்தது. அந்த அனுபவத்தை வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம்.

ஊசியால் புரையைத் தள்ளிவிடும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. தஞ்சையில் மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் வண்ணப் படங்களோடு கிடைத்துள்ளன. சென்னையில் 1819இல் கண் மருத்துவமனை தொடங்கியது. இக்காலம் முழுவதும் நோயாளியை அசையாமல் வைத்தவை அவரைப் பிடித்துக்கொண்ட கைகளே. 1840களில் ஈதரும் குளோரோஃபார்மும் வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மயக்கம் தெளியும்போது வரும் வாந்தி, திறந்து மூடிய கண்ணையே கெடுத்துவிடும்.

திருப்பம் 1884இல் வியன்னாவில் நேர்ந்தது. மருத்துவர் கார்ல் கோலர் தம் கண்ணில் கோக்கெயின் கரைசலைச் சொட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, குண்டூசியால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். தொட்டது தெரியவில்லை. வலி நின்றது, ஆனால் சொட்டு மருந்துக்குக் கண்ணின் அசைவை நிறுத்தும் ஆற்றல் இல்லை. அதனால் அதே ஆண்டிலேயே, விழிக்கோளத்தின் பின்புறம் மருந்தைச் செலுத்தும் முயற்சியும் தொடங்கிவிட்டது.

இந்த ஊசியைத்தான் கண் மருத்துவமனைகளில் 'பிளாக்' என்கிறார்கள். கீழ் இமையின் வெளிப்பக்கத்தில் குத்தி, விழியின் பின்னால் லிக்னோகெயின் என்னும் மரப்பு மருந்தைச் செலுத்தினால் வலி, அசைவு இரண்டும் நிற்கும். பார்வையும் பெரும்பாலும் மங்கும். 1936இல் கண் மருத்துவர் அட்கின்சன் வகுத்த முறைப்படி, ஊசி இறங்கும்போது நோயாளி மேலே மூக்குப் பக்கமாகப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இது பாடமாகவே இருந்தது. 1981இல் சி.டி. படங்களை வைத்து ஆராய்ந்தபோது, அப்படிப் பார்க்கையில் பார்வை நரம்பு ஊசியின் வழிக்கே நெருங்கி வருவது தெரிந்தது. அன்று முதல் 'நேரே பாருங்க' என்று கட்டளை மாறியது. மருந்து மாறவில்லை, நோயாளி செய்ய வேண்டியது மட்டும் மாறியது. இந்தச் சிறு மாற்றத்துக்கு வரலாற்றில் உரிய இடம் தரப்படவில்லை என்பது என் எண்ணம். விழியைச் சுற்றி மட்டும் மருந்து செலுத்தும் பெரிபல்பர் முறை 1980களில் பரவியதற்கும் நரம்பில் ஊசி பட்டுவிடுமோ என்ற இதே அச்சம் ஒரு காரணம்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1960களிலேயே கண் முகாம்களில் ஈடுபட்டிருந்தார். 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர்களில் முகாம் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களைப் பேருந்தில் அழைத்துச் சென்று, இலவசமாக அறுவை செய்து திருப்பி அனுப்பும் முறை வளர்ந்தது. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். அந்த வேகத்துக்கு முன்கூட்டியே போட்டுவைக்கும் பிளாக் கச்சிதமாகப் பொருந்தியது. அன்றைய பழைய அறுவையில் நோயாளியின் வேலை பின்னால்தான் தொடங்கியது: தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை, கண்ணில் கட்டு, நாள்கணக்கில் அசையாத படுக்கை, கடைசியில் சோடாபுட்டிக் கண்ணாடி. 1992இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பகமான அரோலேப் தொடங்கி உள்விழி லென்ஸ் மலிவானதும், தையலில்லாச் சிறு துளை அறுவை பரவியதும் இந்தக் கிடையை ஒழித்தன. இன்று திண்டுக்கல்லிலேயே அரவிந்தின் கிளை இருக்கிறது.

1990களில், புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் ஃபேகோ முறையின் சிறு வெட்டோடு, கோலரின் சொட்டு முறை வேறு மருந்துகளோடு திரும்பி வந்தது. ஊசி இல்லை, ஊசியால் வரும் ரத்தக்கசிவும் இல்லை. ஆனால் கண் அசையும். வெளிச்சமும் நிறங்களும் தெரியும். சிலருக்குக் கருவியின் நடமாட்டம்கூடத் தெரியும். சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகள், இந்தக் காட்சிகள் சிலரை மிரளவைக்கின்றன என்றும், என்ன தெரியும் என்று முன்பே சொல்லிவைத்தால் பயம் குறைகிறது என்றும் காட்டின. 'லைட்டையே பாருங்க தாத்தா, இருமல் வந்தா முன்னாடியே சொல்லுங்க' என்ற பேச்சு ஆறுதலுக்காக மட்டும் அல்ல; பிளாக் செய்த வேலையில் ஒரு பகுதியை அந்தப் பேச்சுதான் செய்கிறது.

ஆகவே காது கேளாத பாட்டிக்கும், தலை நடுக்கமோ விடாத இருமலோ உள்ளவருக்கும் பிளாக்கே நல்லது. கையால் செய்யும் சிறு துளை அறுவைக்கும் பெரும்பாலும் அதுவே போடப்படுகிறது. இலவசப் பிரிவில் இந்த அறுவையும் கட்டணப் பிரிவில் ஃபேகோவும் மிகுதியாக நடப்பதால், மேசையில் படுத்தபடி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அனுபவம் பணம் கட்டியவருக்கே அதிகம் வாய்க்கிறது. அது சலுகையா சுமையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.