பெரிய டர்போ போட்டால் வண்டி இழுக்குமா? மொரப்பூர் ரயிலும் மஞ்சவாடி கணவாயும்

 

போன மாதம் ஒரு நாள் காலையில் தீர்த்தமலை அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது பழைய லாரி ஒன்று வாங்கி, நம் பக்கத்து மரவள்ளிக்கிழங்கைச் சேலம் சேகோ ஆலைகளுக்கு ஏற்றிப் போகிறார். வீட்டு நகைகள் அடகில் இருக்கின்றன. வண்டி மேட்டில் இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, டீசல் குடிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேட்டார்:

"சார், பெரிய டர்போ மாட்டி பம்ப்பையும் கொஞ்சம் ஏத்திட்டா யானை மாதிரி இழுக்கும்னு மெக்கானிக் சொல்றாரு. நாப்பதாயிரம் ஆகுமாம். போடலாமா சார்?"

"ஏம்பா, நான் வரலாறு வாத்தியார். எங்கிட்ட கேக்கறியே?" என்றேன்.

"நீங்கதான சார் எதுக்கும் பழைய கதையைப் பாருங்கடான்னு சொல்லுவீங்க" என்றார்.

மடக்கிவிட்டார். இரண்டு வாரம் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். லாரி, டிராக்டர், ரிக் வண்டி வைத்திருப்பவர்கள் உங்களில் பலர் உண்டு.

முதலில் அடிப்படை. 1 கிலோ டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காற்று வேண்டும். டீசலை அதிகம் விடுவது சுலபம், காற்றை அதிகம் நுழைப்பதுதான் கஷ்டம். காற்று போதாமல் டீசலை மட்டும் கூட்டினால் மிச்சம் கரும்புகையாக வெளியே போகும். சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரெட் பியூகி என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். எஞ்சின் வெளியே தள்ளும் புகையில் ஏராளமான சக்தி வீணாகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பலாம் என்றார். 1905-ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. 1920-களின் நடுவில் இரண்டு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களில் அது பொருத்தப்பட்டபோது, 1750 குதிரைத்திறன் எஞ்சின் 2500 குதிரைத்திறன் தந்தது.

மலைக்கும் இதற்கும் ஆரம்பத்திலிருந்தே உறவு உண்டு. 1918-ல் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். காற்று மெலிந்த அந்த உயரத்திலும் டர்போ இருந்தால் எஞ்சின் திணறாது என்று ஓட்டிக் காட்டினார். லாரி எஞ்சினுக்கு முதலில் டர்போ பொருத்தியதும் மலைநாடான சுவிட்சர்லாந்தின் சாவ்ரர் நிறுவனம்தான், 1938-ல்.

சரி, நம் ஊருக்கு டர்போ எப்போது வந்தது? லாரியில் வருவதற்கு வெகுகாலம் முன்பே ரயிலில் வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்போது மொரப்பூரில்தான் ரயில் ஏறுவேன். டீசல் எஞ்சின் ஒரு நிமிடம் நின்று கிளம்பும். கிளம்பும்போது வானம் மறைகிற அளவுக்குக் கரும்புகை கக்கும். கொஞ்ச தூரம் போனதும் புகை தெளிந்துவிடும். எஞ்சின் பழசு என்று நினைத்துக்கொள்வேன். நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் காரணம் புரிந்தது.

அது டபிள்யூடிஎம்-2 எஞ்சின். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்து வடிவமைப்பு. 1962-ல் இந்தியாவுக்கு வந்தது, 1964 ஜனவரி முதல் வாரணாசியில் நாமே செய்தோம். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், டர்போ உள்ள எஞ்சின். ஓட்டுநர் இழுவையைக் கூட்டியதும் டீசல் உடனே கூடுகிறது. ஆனால் டர்போ சக்கரம் வேகமெடுக்கச் சில விநாடிகள் ஆகும். அதுவரை காற்று போதாது. அந்த இடைவெளிதான் மொரப்பூரில் நான் பார்த்த கரும்புகை.

இனி டர்போவைத் தேர்ந்தெடுத்த கதை. அந்த 2600 போதவில்லை. அதே 16 சிலிண்டரை, அதே அளவில் வைத்துக்கொண்டு கூடுதல் சக்தி பெற வேண்டும், டீசலும் மிச்சமாக வேண்டும் என்று ரயில்வே விரும்பியது. லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓ பழைய ஆல்கோ டர்போவுக்கு மாற்றாக நேப்பியர், ஏபிபி, ஜிஇ ஆகிய நிறுவனங்களின் டர்போக்களைச் சோதித்தது. டர்போவோடு நிற்கவில்லை. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலர், டீசல் பம்ப், கேம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். அதே எஞ்சின் குடும்பம் 3100, பிறகு 3300 குதிரைத்திறன் வரை வந்தது. டர்போவை மட்டும் மாற்றி யாரும் அங்கே போய்ச் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கிளம்பும்போது வரும் அந்தப் புகைக்கும் வேறொரு நிறுவனம் தீர்வு வைத்திருந்தது. 1999-ல் வந்த 4000 குதிரைத்திறன் டபிள்யூடிஜி-4 எஞ்சினில், மெதுவாக ஓடும்போது எஞ்சினே பல்சக்கரம் வழியாக டர்போவைச் சுற்றிக் கொடுக்கும். புகைக்குப் போதிய வேகம் வந்ததும் கிளட்ச் விலகி, டர்போ தானாகச் சுழலும். பச்சைக் குழந்தையைக் கைபிடித்து நடத்தி, நடை பழகியதும் விட்டுவிடுவது போல.

லாரிக்கு வருவோம். எங்கள் சின்ன மாமா லைலண்ட் காமெட்டில் கிளீனராக இருந்தார். அந்தக் காலத்து வண்டிகள் சுமார் 110 குதிரைத்திறன்தான், டர்போ கிடையாது. தொப்பூர் மேட்டில் லோடு வண்டி முதல் கியரில் ஊர்ந்து ஏற, மாமா கையில் கட்டையோடு பக்கத்திலேயே நடப்பாராம். வண்டி நின்றுவிட்டால் பின் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட வேண்டும். அதுதான் கிளீனர் வேலை. 1982-ல் சென்னையில் டர்போ எனர்ஜி நிறுவனம் ஜெர்மானியக் கூட்டுறவோடு தொடங்கி, நம் மாநிலத்திலேயே டர்போ செய்ய ஆரம்பித்தது. 1993-ல் டாடாவும் கம்மின்ஸும் ஜம்ஷெட்பூரில் கூட்டாக எஞ்சின் கம்பெனி ஆரம்பித்தன. 2000-க்குப் பிறகு புகை விதிகள் இறுக இறுக, டர்போ இல்லாத லாரி எஞ்சினே புதிதாக வருவது நின்றுபோனது. இன்று 55 டன் வரை இழுக்கும் வண்டிகள் தொப்பூரை நிற்காமல் ஏறுகின்றன. கட்டைக்கு வேலை இல்லை.

அப்படியானால் பெரிய டர்போ நல்லதுதானே? இல்லை. பெரிய சக்கரத்தைச் சுழற்ற நிறையப் புகை வேண்டும். எஞ்சின் அதிக வேகத்தில் ஓடினால்தான் அது விழிக்கும். கணவாய் மேட்டில் குறைந்த வேகத்தில் இழுவை வேண்டிய நேரத்தில் தூங்கும். காற்றோட்டம் குறைவாக இருக்கும்போது அழுத்திய காற்று திரும்பி அடிக்கும். இதை 'சர்ஜ்' என்பார்கள். நாளடைவில் டர்போவே போய்விடும். சின்ன டர்போ உடனே விழிக்கும், ஆனால் மேல்வேகத்தில் மூச்சு முட்டும், காற்றையும் சூடாக்கும். அமெரிக்காவில் டீசல் வண்டிகளை வைத்து இழுவைப் போட்டி நடத்துகிறார்கள். இழுக்க இழுக்கப் பாரம் முன்னால் நகர்ந்து அழுத்தும் சறுக்குவண்டியைக் கட்டி இழுக்க வேண்டும். அங்கே ஒரு பிரிவுக்குப் பெயரே 2.6. டர்போவின் காற்று வாய் 2.6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பெரிய பிரிவுகளில் ஒரு பெரிய டர்போ காற்றை அழுத்திச் சின்ன டர்போவுக்குக் கொடுக்கும்படி அடுக்கி வைக்கிறார்கள். ஆனால் அந்த வண்டிகள் ஓடுவது சில நூறு அடி. நம் வண்டி தினமும் சேலம் போய்த் திரும்ப வேண்டும்.

கடைசியாக, எனக்கு உறைத்த விஷயம். டர்போ ஏறுவதற்குத்தான் பலம் தரும், இறங்குவதற்குத் தராது. கியரில் இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் சிலிண்டர் அளவையும் சுற்று வேகத்தையும் பொறுத்தது. டர்போவால் ஏற்ற முடிகிற பாரம் கூடுகிறது, ஆனால் அந்தப் பிடி அதே அளவுக்குக் கூடுவதில்லை. ரயில் எஞ்சினில் இதற்காகவே டைனமிக் பிரேக் உண்டு, பெரிய லாரிகளில் எக்சாஸ்ட் பிரேக் உண்டு. மஞ்சவாடி கணவாயில் லோடோடு சேலம் பக்கம் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். தொப்பூரில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிப் போன உயிர்களையும் நாம் அறிவோம். தவிர, கம்பெனி கொடுத்த வடிவத்தை அனுமதி இல்லாமல் மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இடம் தருவதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "ரயில்வே மாதிரி நீயும் முதல்ல முழுசா சோதனை பண்ணுப்பா. காத்து எங்க குறையுதுன்னு பாரு" என்றேன். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினார். டர்போ நன்றாகவே இருந்தது. இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு. அழுத்திய காற்று அங்கேயே கசிந்திருக்கிறது. ஹோஸும் இரண்டு கிளிப்பும் மாற்றினார். ஏர் ஃபில்டர் அடைத்துக் கிடந்தது, அதையும் மாற்றினார். இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. புகை நின்றுவிட்டது. போன வாரம் போனில், "சார், மேட்ல ஒரு கியர் மேலயே போவுது" என்றார். "இறங்கும்போது?" என்று கேட்டேன். "ஏறின கியர்லயேதான் சார் இறங்கறேன்" என்றார். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

இன்னொன்று. மேடு ஏறி வந்து நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்காதீர்கள். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது, ஆயில் படலத்தில்தான் மிதக்கிறது. இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

உங்களில் யாராவது எழுபதுகளில் மொரப்பூரில் அந்தப் புகையைப் பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். தவறு இருந்தால் வகுப்பில் போலவே கை தூக்கிச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார், தீர்த்தமலை