கட்டளை இல்லாத நோன்பு: லூத்தரன் சபைகளில் தவக்காலத் தொடக்கம்



திருநீற்றுப் புதன் வந்துவிட்டால் நமக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 18 வயது நிறைந்தவர்கள் 60ஆம் வயது தொடங்கும்வரை அன்று நோன்பிருக்க வேண்டும். 14 வயது நிறைந்தவர்கள் இறைச்சி உண்ணக் கூடாது. பெரிய வெள்ளிக்கும் இதே ஒழுங்குதான். இது திருச்சபையின் சட்டம். ஞான உபதேச வகுப்பிலேயே இதைக் கற்றுக்கொள்கிறோம்.

லூத்தரன் சபையைச் சேர்ந்த சகோதர சகோதரிகளுக்கு இப்படி ஒரு சட்டம் கிடையாது. இன்ன நாளில் இன்னதை உண்ணாதே என்று அவர்களுடைய போதகர் கட்டளையிடுவதில்லை. கட்டளையிடவும் கூடாது என்பதே அவர்கள் கொள்கை. இருந்தும் அவர்களும் தவக்காலத்தைக் கடைப்பிடிக்கிறார்கள். கட்டளையே இல்லாத இடத்தில் ஒரு சபை எப்படி நோன்பைத் தொடங்குகிறது? இந்தக் கேள்வி நமக்கும் பயனுள்ளது.

லூத்தரன் சபையினர் நமக்கு அந்நியர் அல்லர். 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சீகன்பால்க், புளுட்சோ ஆகிய இருவரோடு அவர்களுடைய தமிழக வரலாறு தொடங்குகிறது. 1718இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது. தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை 1919இல் உருவாகி, திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. நாம் தவக்காலம் என்பதை அவர்கள் லெந்து காலம் என்பார்கள். நம் வீரமாமுனிவர் அக்காலத்தில் இவர்களை எதிர்த்து 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகிய நூல்களை எழுதினார் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். அந்நாளைய சண்டையின் சூடு அந்நூல்களில் இருக்கிறது. அதன்பின் காலம் வெகுதூரம் வந்துவிட்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில், மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராவது பற்றிய கூட்டறிக்கையில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கையெழுத்திட்டன. 2016 அக்டோபர் 31 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஸ்வீடனின் லுண்ட் நகரப் பேராலயத்தில் லூத்தரன் தலைவர்களோடு சேர்ந்து செபித்தார்.

இனி, அவர்களுடைய நோன்பின் கதைக்கு வருவோம். அது ஒரு தவக்கால முதல் ஞாயிறன்றுதான் தொடங்குகிறது.

1521 மே மாதத்திலிருந்து மார்ட்டின் லூத்தர் ஜெர்மனியின் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்தார். அவர் இல்லாத நேரத்தில் விட்டன்பர்க் நகரில் கார்ல்ஸ்டாட் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் மாற்றங்களை அவசர அவசரமாகச் செய்தார்கள். சுரூபங்களை அகற்ற வேண்டும் என்றார்கள். நோன்பு நாளில் இறைச்சி உண்பதே உண்மையான விசுவாசத்தின் அடையாளம் என்பதுபோல் சிலர் நடந்துகொண்டார்கள். எளிய மக்கள் குழம்பிப் போனார்கள். நிலைமை கைமீறுவதைக் கேள்விப்பட்ட லூத்தர், 1522 மார்ச் 6 அன்று விட்டன்பர்க் திரும்பினார். மார்ச் 9, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்று அகுஸ்தீன் சபைத் துறவியின் உடையிலேயே நகர ஆலயத்தின் பிரசங்க மேடையில் ஏறினார். அடுத்த ஞாயிறு வரை எட்டு நாள்கள், எட்டு மறையுரைகள்.

அந்த ஞாயிற்றுக்கு 'இன்வோக்காவித்' என்று பெயர். நமது இலத்தீன் திருப்பலியின் வருகைப் பல்லவி 91ஆம் திருப்பாடலிலிருந்து எடுத்த அந்தச் சொல்லோடுதான் தொடங்கும். ஜெர்மானிய லூத்தரன் நாள்காட்டி இன்றும் தவக்கால ஞாயிறுகளை இந்தப் பழைய இலத்தீன் பெயர்களாலேயே அழைக்கிறது. நாமோ, 'லெத்தாரே' ஞாயிறு ஒன்றைத் தவிர மற்றவற்றை ஏறக்குறைய மறந்துவிட்டோம்!

சரி, லூத்தர் என்ன சொன்னார்? இறைச்சி உண்டவர்களைப் பாராட்டியிருப்பார் என்று நினைத்தால் தவறு. உணவு பற்றிய கட்டளையை மீட்புக்குரிய நிபந்தனையாக ஒருவர் திணித்தால் அதை ஏற்க வேண்டியதில்லை என்றார். அதே மூச்சில், உனக்கு உரிமை இருக்கிறது என்பதற்காக உன் சகோதரனின் மனச்சான்றை மிதிக்காதே என்றும் கண்டித்தார். வலுவற்றவருக்காகத் தன் உரிமையை விட்டுக்கொடுத்த தூய பவுலை எடுத்துக்காட்டினார். அன்பு இல்லாமல் செய்த சீர்திருத்தத்தை அவர் சீர்திருத்தமாகவே கருதவில்லை. எட்டாம் நாள் மறையுரை பாவசங்கீர்த்தனத்தைப் பற்றியது. யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் தனிப்பட்ட பாவசங்கீர்த்தனத்தை யாரும் என்னிடமிருந்து பறிக்கவும் விடமாட்டேன் என்ற பொருளில் பேசினார். விட்டன்பர்க் நகர ஆலயத்தின் போதகர் யோகான்னஸ் புகன்ஹாகன் பிற்காலத்தில் அவருடைய ஒப்புரவாளராகவே இருந்தார். லூத்தரின் போதனைகள் எல்லாவற்றையும் நாம் ஏற்பதில்லை. ஆயினும் இந்த எட்டு மறையுரைகளை நாமும் அறிந்திருப்பது நல்லது.

1530இல் வெளியான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 26ஆம் பகுதி இதே கருத்தையே சொல்கிறது. நோன்பு தவறன்று; அதைக் கொண்டு இறையருளைச் சம்பாதிக்கலாம் என்று நினைப்பதே தவறு. உடலைப் பழக்குவதற்கும் கடமைகளைச் செய்யத் தகுதிப்படுத்துவதற்கும் நோன்பு வேண்டியதே என்கிறது அந்த அறிக்கை.

ஏட்டில் இது அழகாக இருந்தது. நடைமுறையில் என்ன ஆயிற்று? ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை கழிந்ததும் பல லூத்தரன் நாடுகளில் நோன்பு கரைந்துபோனது. நோன்புக்கு முந்திய விருந்து மட்டும் கரையவில்லை. ஸ்வீடனில் நோன்புக்கு முன் உண்ணும் 'செம்லா' என்ற கிரீம் வைத்த இனிப்பு ரொட்டி இன்றும் பெரும் விற்பனை. அந்நாட்டு மன்னர் அடால்ஃப் ஃபிரெட்ரிக் 1771 பிப்ரவரி 12 அன்று, திருநீற்றுப் புதனுக்கு முந்தைய செவ்வாயன்று, பெருவிருந்தின் முடிவில் இதையும் உண்டபின் இறந்தார் என்று கதை சொல்வார்கள். ஐஸ்லாந்தில் அந்தச் செவ்வாய்க்கு உப்பிட்ட இறைச்சியும் பட்டாணி சூப்பும். புதன்கிழமைதான் காணாமல் போயிற்று. இதைப் படித்து நாம் சிரிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்றதும் வஞ்சிரம் வாங்கி வறுக்கிற வீடுகள் நம் பங்கிலும் உண்டு. சட்டத்தை நாம் மீறவில்லை; நோன்பும் இருக்கவில்லை.

ஆனால் லூத்தரன் சபைகள் வேறொரு வழியில் நோன்பைக் காத்தன. வயிற்றுக்குச் சட்டம் இல்லை என்றவர்கள் காதுகளுக்கு நோன்பு வைத்தார்கள்! லைப்சிக் நகரத்தை எடுத்துக்கொள்வோம். இசைமேதை யோகான் செபஸ்தியான் பாக் அந்நகர இசைப் பணிக்கு விண்ணப்பித்து, 1723 பிப்ரவரி 7 அன்று தம் திறமையைக் காட்ட இரண்டு கந்தாத்தாக்களை அரங்கேற்றினார். கந்தாத்தா என்பது பாடகர்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வழிபாட்டில் இசைக்கும் படைப்பு. அந்த நாள் தவக்காலத்துக்கு முந்தைய கடைசி ஞாயிறு. அன்றோடு சரி. அதற்குப்பின் பெரிய வெள்ளி மாலை வரை லைப்சிக் ஆலயங்களில் கந்தாத்தா கிடையாது. மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள் ஒன்றே விதிவிலக்கு. மற்ற ஞாயிறுகளில் சபையார் ஞானப்பாட்டுகளைப் பாடினார்கள்; ஆலயம் எளிமையாக இருந்தது. அந்த மௌனத்துக்குப் பிறகுதான், 1724 ஏப்ரல் 7 பெரிய வெள்ளியன்று, பாக் தமது யோவான் பாடுகளின் இசையைத் தூய நிக்கோலாஸ் ஆலயத்தில் முதன்முறையாக வழங்கினார். ஆறு வாரம் பட்டினி கிடந்த காதுகளில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சாம்பல் பூசும் சடங்கும் லூத்தரன் நாடுகளில் பெரும்பாலும் நின்றுபோயிருந்தது. ஜெர்மனியில் அவர்களுடைய மனமாற்ற நாள் திருநீற்றுப் புதனே அல்ல. திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு முந்திய புதன், அதாவது நவம்பர் மாதத்தில் வரும் மனமாற்ற, செப நாளே அது. 1995இல், முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுக்குப் பணம் திரட்டுவதற்காக அதன் அரசு விடுமுறையை எடுத்துவிட்டார்கள். சாக்சனி மாநிலம் மட்டும் விடுமுறையைக் காத்துக்கொண்டது.

அதே ஜெர்மனியில்தான் 1983இல், ஹாம்பர்க் நகரில் ஒரு சிலர் கூடி, தவக்காலம் முழுவதும் ஏதாவதொரு பழக்கத்தை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். மது, புகை, இனிப்பு என்று அவரவர் விருப்பப்படி. 'ஏழு வாரங்கள் இல்லாமல்' என்ற அந்த முயற்சி இன்று ஜெர்மானியச் சீர்திருத்தச் சபைகளின் நாடு தழுவிய இயக்கமாகிவிட்டது. இப்போது ஆண்டுதோறும் ஒரு மையக் கருத்தும் தருகிறார்கள். 2019இல் பொய் இல்லாத ஏழு வாரங்கள். 2020இல் அவநம்பிக்கை இல்லாத ஏழு வாரங்கள். அந்த 2020 தவக்காலத்தின் நடுவில்தான் பெருந்தொற்றால் ஆலயக் கதவுகள் அடைபட்டன.

அமெரிக்க ஐக்கிய நாட்டு லூத்தரன் பங்குகளில் தவக்காலத்தின் முதுகெலும்பு புதன்கிழமை. சாம்பலே அறியாத பழைய தலைமுறையினருக்கும் தவக்காலப் புதன் மாலை வழிபாடு தெரியும். வேலை முடிந்து, இருட்டும் நேரத்தில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பல பங்குகளில் முதலில் ஆலயக் கூடத்தில் சூப்பும் ரொட்டியும் மட்டுமான எளிய உணவு. இந்த வாரம் பாடகர் குழு சமைத்தால் அடுத்த வாரம் இளைஞர் குழு. உணவுக்கு விலை இல்லை. ஒரு பாத்திரத்தில் விரும்பியதைப் போடலாம். அந்தக் காணிக்கை பசித்தோருக்கான பணிகளுக்குப் போவது வழக்கம். பின்னர் ஆலயத்தில் மாலைச் செபம். சில பங்குகளில் லூத்தரின் 1529ஆம் ஆண்டுச் சிறிய ஞான உபதேச நூலை வாரம் ஒரு பகுதியாகப் படிப்பார்கள். வேறு சிலவற்றில் நான்கு நற்செய்திகளிலிருந்தும் தொகுத்த பாடுகளின் வரலாற்றைச் சிறிது சிறிதாக வாசிப்பார்கள். முன்னே பார்த்த புகன்ஹாகன் அத்தகைய தொகுப்பு ஒன்றைச் செய்தவர்.

இந்தப் புதன்களில் பல இடங்களில் பாடப்படும் ஹோல்டன் மாலைச் செபத்தை 1980களில், வாஷிங்டன் மாநில மலைகளுக்கிடையே உள்ள ஹோல்டன் கிராமம் என்ற லூத்தரன் தியான இல்லத்தில் தங்கியிருந்தபோது இயற்றியவர் மார்ட்டி ஹாகன். ஆங்கிலத் திருப்பலியில் பங்கெடுத்தவர்கள் இவருடைய 'படைப்பின் திருப்பலி' என்ற இசையமைப்பைக் கேட்டிருப்பார்கள். இரண்டையும் எழுதிய கை ஒன்றே.

சாம்பலும் திரும்பி வந்தது. 1978இல் வெளியான அமெரிக்க லூத்தரன் வழிபாட்டு நூல், திருநீற்றுப் புதனுக்குச் சாம்பல் பூசும் சடங்கை மீண்டும் தந்தது. கட்டாயம் அன்று, விரும்பினால் செய்யலாம். ஸ்வீடன் ஆலயங்களிலும் பின்னர் இது பரவியது. வாசகங்களும் நம்முடையவையே: இறைவாக்கினர் யோவேல், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம், மத்தேயு 6ஆம் அதிகாரம். 1969இல் நமது திருச்சபை வெளியிட்ட வாசக ஒழுங்கை அடிப்படையாகக் கொண்டே பிற சபைகளின் பொது வாசக ஒழுங்கு உருவானது. ஆகவே ஒரே ஊரில், ஒரே நாளில், இரு ஆலயங்களிலும், மறைவில் நோன்பிருப்பது பற்றிய அதே நற்செய்தியை வாசித்துவிட்டு, எல்லாரும் பார்க்க நெற்றியில் சாம்பலோடு வெளியே வருகிறோம்!

அவர்களுடைய திருநீற்றுப் புதன் சடங்கில் ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. 51ஆம் திருப்பாடலோடு வழிபாடு தொடங்கும். பின்னர் சபை முழுவதும் முழந்தாளிட்டு நீண்டதொரு பாவ அறிக்கையைச் சொல்லும். மற்ற நாள்களில் பாவ அறிக்கை முடிந்ததும் போதகர் எழுந்து பாவமன்னிப்பை அறிவிப்பார். அதற்காகவே லூத்தரன் சபையார் காத்திருப்பார்கள். மன்னிப்பின் வாக்கு அவர்கள் வழிபாட்டின் உயிர்நாடி. 1978ஆம் ஆண்டு நூலின் முறைப்படி திருநீற்றுப் புதனன்று அந்த மன்னிப்பு அறிவிக்கப்படுவதில்லை. இறைவன் நம்மில் தம் மீட்புப் பணியை நிறைவுசெய்யட்டும் என்ற மன்றாட்டோடு நின்றுவிடும். அறிக்கையிட்ட பாவத்தையும் நெற்றிச் சாம்பலையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த புதன் சூப், அதற்கடுத்த புதன் சூப் என்று வாரங்கள் போகும். பெரிய வியாழன் மாலையில்தான் ஒவ்வொருவராக முன்னே வந்து முழந்தாளிட, போதகர் தலைமேல் இரு கைகளையும் வைத்து, பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று அவரவர்க்குச் சொல்வார்.

பழைய உரோமைத் திருச்சபையில் பகிரங்கப் பாவிகளைத் தவக்காலத் தொடக்கத்தில் சாம்பலோடு வெளியே நிறுத்தி, பெரிய வியாழனன்று மீண்டும் உள்ளே சேர்த்துக்கொண்ட வழக்கத்தை நம்மில் முதியவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த நாற்பது நாள் காத்திருப்பைத் தங்கள் சபையார் எல்லாருக்குமாக அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். யாரும் கட்டளையிடவில்லை. வராதவரை யாரும் கணக்கெடுப்பதும் இல்லை. வியாழன் மாலை அந்தக் கைகள் தலைமேல் படுவதற்காக வருகிறார்கள்.