கெய்லிக் பெயர்களும் மலையகப் பாடல்களும்

அக்கரப்பத்தனைப் பகுதியில் கிளாஸ்கோ, பல்மோரல், கிளன்லயன் என்னும் தோட்டங்கள் உள்ளன; டிக்கோயாவில் டன்கெல்ட், தலவாக்கலையில் ஹொலிரூட். இவற்றுள் ‘கிளன்’ என்பது கெய்லிக் மொழியிலே பள்ளத்தாக்கையும், ‘டன்’ என்பது கோட்டையையும் குறிக்கும். ஸ்கொட்லாந்தின் உயர்நிலங்களில் வாழ்ந்த குடியானவரின் நிலவழக்குச் சொற்கள் தமிழ்த் தொழிலாளரின் பிறப்புப் பதிவுகளிலும் கடித முகவரிகளிலும் இன்றளவும் நிலைபெற்றுள்ளன. இதனைத் துரைமாரின் ஊர்ப்பற்று என்று கூறி அமைதல் போதுமானதன்று.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இங்கு வந்த ஸ்கொட்லாந்துத் துரைமார் பலர் கெய்லிக் பேசியவர் அல்லர். 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், கிங்கார்டின்ஷயரைச் சேர்ந்தவர். அது ஆங்கிலத்துக்கு உறவான ஸ்கொட்ஸ் மொழி வழங்கிய தாழ்நிலப் பகுதி. எனவே மலையகத்துக்கு வந்து சேர்ந்த ‘கெல்டிக் பண்பாடு’ அதனை உருவாக்கிய மக்களின் கைவழியே வந்ததன்று.

அம்மக்களுக்கு நேர்ந்தது யாது? சதர்லாந்துச் சீமாட்டியின் நிலங்களிலிருந்து 1814-1820 காலப்பகுதியில் ஏறத்தாழ 3,000 குடும்பங்களைச் சேர்ந்த 15,000 பேர் துரத்தப்பட்டமையை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் விரிவாக எழுதியுள்ளார். அவர்களுடைய இடத்தை 1,31,000 செம்மறிகள் பிடித்துக்கொண்டன. இவ்வெளியேற்றம் நிகழ்ந்து ஓரிரு ஆண்டுகளுள், 1822இல், நான்காம் ஜோர்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு வந்தபோது, சேர் வோல்ற்றர் ஸ்கொட் வகுத்த ஏற்பாட்டின்படி கட்டமிட்ட உயர்நில உடையிலே தோன்றினான். 1746இல் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டு 1782வரை குற்றமெனக் கருதப்பட்ட உடை அது! உழுதவன் போனபின் அவனது உடை அரசவைக்கு ஏறிற்று. துரைமாருடன் கப்பலேறியது இந்த அரசவைக் கெல்டிக்கே.

இங்கும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதி காட்ட இயலாத நிலங்களை முடிக்குரியனவாக்கியது. கண்டிக் குடியானவரின் சேனை நிலமும் மேய்ச்சற் காடும் ஏக்கர் 5 ஷில்லிங் என்ற மலிவான விலைக்குக் கோப்பித் துரைமாரிடம் சென்றன. நிலமிழந்தோரின் பெயரை நிலம் பறித்தோர், பறித்த நிலத்துக்கே சூட்டினர் என்பதே அத்தோட்டப் பெயர்களின் வரலாற்றுப் பொருள். இன்று துரைமாரின் பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாகியுள்ளன. அங்கு அப்பெயர்கள் பழைய காலத்தின் இன்மணமாக விற்கப்படுகின்றன. ஆயின் பெயருக்குரியவரோ கொழுந்து கிள்ளியவரோ அவ்விற்பனையில் இடம்பெறுவதில்லை.

இதனாற் கெல்டிக் இசையை நாம் புறக்கணிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அதனை அனுபவிப்பதற்கு வேறொரு வாயில் உண்டு. வெளி ஹெப்ரிடிஸ் தீவுகளில் நெய்த கம்பளித் துணியைப் பெண்கள் பலகையைச் சுற்றி அமர்ந்து அடித்துப் பதப்படுத்தி வந்தனர். ஒருத்தி அடியெடுக்க ஏனையோர் பல்லவியை ஏற்றனர். கை விழும் தாளமே பாட்டின் தாளம். 1951இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட ஸ்கொட்லாந்து ஆய்வுப் பள்ளி இத்தகைய பாடல்களை உழைப்பாளர் வாயிலாகவே ஒலிப்பதிவு செய்தது. அப்பணியில் முன்னின்றோருள் ஒருவரான ஹமிஷ் ஹென்டர்சன், கிராம்ஷியின் சிறைக் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பது தற்செயலானதன்று. பாடல் அவருக்கு அலங்காரமன்று, அடக்கப்பட்டோரின் சிந்தனை.

அப்பாடல்களைக் கேட்கும்போது மலையகத்தை நினையாதிருத்தல் அரிது. ஆயினும் ஒப்புமையை அவசரப்பட்டு நிறுவலாகாது. துணியடித்தல் பலர் கை ஒன்றாக விழவேண்டிய தொழில். கொழுந்தெடுப்போ ஒவ்வொருத்தியின் கூடையும் தனித்தனியே நிறுக்கப்படுவது. கூட்டுத் தாளத்துக்கு அத்தொழிலில் இடமில்லை. தமிழகத்து வயல்களிலிருந்து நடவுப் பாட்டின் நினைவோடு வந்தவர்கள் மலையில் அத்தாளத்தை இழந்தனர். அவர்களுடைய பாட்டு கங்காணியையும் கடந்துவந்த வழியையும் நோக்கித் திரும்பிற்று என்பது எமது கருத்து. விடியற்காலையில் பிரட்டுக்கு அழைக்க அடிக்கப்பட்ட தப்பே மாசி மாதத்துக் காமன் கூத்தில் மக்களுக்குரியதாக மீண்டது. வேலைக்கு விரட்டிய கருவி ஆட்டத்துக்கு அழைத்தது. சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தொகுத்த பாடல்களை இந்நோக்கில் மீண்டும் வாசித்தல் பயனுடைத்து.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அது இசையைப் பற்றியதன்று. ஸ்கை தீவின் குடியானவர் 1882இல் பொலிசாருடன் மோதினர். அக்கிளர்ச்சியின் விளைவாக 1886ஆம் ஆண்டுச் சட்டம் சிறுகுடியானவருக்கு நிலத்தில் நிலையான குத்தகையுரிமை அளித்தது. ஆறாண்டுகளின் பின், டெயிலர் லூல்கந்துரவில் இறந்த அதே 1892இல், ஓபன் நகரில் முதலாவது கெய்லிக் இசைவிழா நடைபெற்றது. பாடுவோருக்குக் காலூன்ற நிலம் இருந்தது. மலையகத்தாரோ 1948இல் குடியுரிமையையே இழந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீர்வு கண்டபோதிலும், லயக் காம்பராக்களில் வாழ்வோருட் பெரும்பாலோரிடம் அவ்விடத்துக்கான உறுதி இல்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் வந்த வழியே நடந்தவர்கள் எழுப்பிய கோரிக்கைகளுள் காணியுரிமையும் ஒன்று.